பொதுச் சுகாதாரத்தில் பிஎச்.டி. செய்யலாமா? பல் மருத்துவம் படித்தவருக்கு ஒரு நீண்ட பதில்

கேட்டவர் பி.டி.எஸ். முடித்து, அதன்மேல் எம்.பி.எச். (பொதுச் சுகாதார முதுகலைப் பட்டம்) படித்து, இப்போது ஒரு மாவட்டத்தில் தொற்றா நோய்த் திட்டத்தில் ஒப்பந்தப் பணியில் இருப்பவர். வயது முப்பதைத் தாண்டிவிட்டது. சமூக மருத்துவத்தில், அதாவது பொதுச் சுகாதாரத்தில், பிஎச்.டி. செய்தால் மருத்துவக் கல்லூரியில் வேலை கிடைக்குமா, எங்கே சேரலாம், எத்தனை வருஷம் ஆகும், வேலையை விடாமல் செய்ய முடியுமா என்று கேட்டிருக்கிறார். இந்தத் துறையில் ஆய்வு மாணவர்களோடு வேலை செய்கிறவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதல் கேள்வியை முதலில் முடித்துவிடலாம். கிடைக்காது. மருத்துவக் கல்லூரியின் சமூக மருத்துவத் துறையில் உதவிப் பேராசிரியராக வர எம்.பி.பி.எஸ். வேண்டும், அதன்மேல் அதே துறையில் எம்.டி. அல்லது டி.என்.பி. வேண்டும். உடற்கூறியல், உயிர்வேதியியல் மாதிரித் துறைகளில் எம்.எஸ்சி., பிஎச்.டி. முடித்த மருத்துவரல்லாதவர்களுக்கு ஒரு பங்கு இடம் உண்டு. சமூக மருத்துவத்தில் அவர்களுக்கு இருப்பது புள்ளியியலாளர் போன்ற ஒன்றிரண்டு நாற்காலிகள்தான். தமிழ்நாட்டின் பொதுச் சுகாதாரத் துறையில் மாவட்டச் சுகாதார அலுவலர் பதவிக்கும் இதே கதை: அங்கேயும் அடிப்படை எம்.பி.பி.எஸ். நீங்கள் எத்தனை பெரிய ஆய்வேடு எழுதினாலும் அந்தக் கதவு திறக்காது. இது நியாயமா என்று விவாதிக்கலாம். எனக்கும் அதில் கருத்து உண்டு. ஆனால் உங்கள் ஐந்தாறு வருஷத்தை அந்த விவாதத்தின் முடிவை நம்பி முதலீடு செய்யாதீர்கள்.

இந்தக் குழப்பத்துக்குக் காரணம், எம்.டி.யும் பிஎச்.டி.யும் ஒரே ஏணியின் அடுத்தடுத்த படிகள் என்று பலர் நினைப்பது. எம்.டி. சமூக மருத்துவம் மருத்துவர்களுக்கான மூன்று வருஷத் தொழிற்பயிற்சி. நீட் முதுகலைத் தேர்வு வழியாக நுழைய வேண்டும். ஆரம்பச் சுகாதார நிலையம், நகர்ப்புற மையம், தடுப்பூசி, தொற்றுநோய்ப் புலனாய்வு, மாணவர்களுக்கு வகுப்பு எல்லாம் அதில் அடங்கும். ஆய்வேடு அதில் ஒரு பகுதி மட்டுமே. பிஎச்.டி. முழுக்க முழுக்க ஓர் ஆராய்ச்சிப் பயிற்சி. சமூகவியல் படித்தவர், செவிலியர், புள்ளியியலாளர், பல் மருத்துவர், சித்த மருத்துவர் என்று யாரும் தகுந்த முதுகலைப் பட்டத்தோடு வரலாம். எம்.பி.பி.எஸ். முடித்த ஒருவர் என்னிடம் இதே கேள்வியைக் கேட்டால், முதலில் எம்.டி. செய், ஆய்வு ஆசை அப்போதும் மிச்சம் இருந்தால் பிஎச்.டி.க்கு வா என்றுதான் சொல்வேன். உங்களுக்கு அந்த அறிவுரை பொருந்தாது.

அப்படியானால் பொதுச் சுகாதார பிஎச்.டி. முடித்தவர்கள் எங்கே போகிறார்கள்? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (சுருக்கமாக ஐ.சி.எம்.ஆர்.) நிறுவனங்களில் விஞ்ஞானிப் பணிக்கு, எம்.பி.எச். நடத்தும் பல்கலைக்கழகங்களில் ஆசிரியப் பணிக்கு, உலகச் சுகாதார நிறுவனம் போன்ற அமைப்புகளின் திட்டங்களுக்கு, அரசின் சுகாதாரத் திட்டங்களை மதிப்பீடு செய்யும் குழுக்களுக்கு, தொண்டு நிறுவனங்களின் ஆய்வுப் பிரிவுகளுக்கு. இவற்றில் நிரந்தரப் பணி குறைவு. பல வேலைகள் திட்டத்தோடு தொடங்கித் திட்டத்தோடு முடிபவை. பெயருக்கு முன்னால் டாக்டர் போட வேண்டும் என்றால் பல் மருத்துவராக அது உங்களுக்கு ஏற்கெனவே இருக்கிறது. மாவட்டப் பணியிலேயே தொடர்ந்து மேலே போக வேண்டும் என்றால் அதற்கு எம்.பி.எச். போதும், பிஎச்.டி. கூடுதலாக எதையும் தராது. ஒரு கேள்வி உங்களை அரிக்கிறது, அதற்குப் பதில் யாரிடமும் இல்லை, நீங்களே கண்டுபிடிக்க வேண்டும் என்றால் மட்டும் மேற்கொண்டு படியுங்கள்.

கேள்வி என்று நான் எதைச் சொல்கிறேன் என்பதற்கு இந்தியாவிலேயே ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. 1960களின் தொடக்கத்தில் காசநோய்க்கு நாடு தழுவிய திட்டம் தீட்டிக்கொண்டிருந்தார்கள். கிராமத்து மக்களுக்கு நோயைப் பற்றிய விழிப்பு கிடையாது, அவர்களாக வரமாட்டார்கள், எக்ஸ்ரே கருவியை வண்டியில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போய்த்தான் பிடிக்க வேண்டும் என்ற எண்ணம் வலுவாக இருந்தது. பெங்களூரிலிருந்த தேசியக் காசநோய் நிறுவனத்தில் வேலை செய்த டி. பானர்ஜி, ஸ்டிக் ஆண்டர்சன் இருவரும் தும்கூர் மாவட்டத்தில் காசநோய் இருப்பதாகக் கண்டறியப்பட்டவர்களிடமே போய்க் கேட்டார்கள்: உங்களுக்கு உடம்புக்கு ஏதாவது செய்ததா? செய்தபோது என்ன செய்தீர்கள்? வந்த பதில் திட்டமிட்டவர்களைத் திருப்பிப் போட்டது. பாதிக்கு மேற்பட்டவர்கள் இருமலோடும் காய்ச்சலோடும் ஏற்கெனவே ஏதோ ஒரு மருத்துவமனையின் வாசலை மிதித்திருந்தார்கள். அங்கே இருமல் மருந்தைக் கொடுத்து அனுப்பிவிட்டிருந்தார்கள். 1963-ல் வெளியான அந்த ஆய்வு, வருகிறவர்களின் சளியை அங்கேயே பரிசோதிப்பது என்ற பாதைக்கு வலுவான ஆதாரமாயிற்று. அக்கறையற்றவர்கள் என்று மக்கள்மேல் சுமத்திய பழி, மருத்துவமனையின் குறையாகத் திரும்பியது. பிற்பாடு டெல்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் சமூக மருத்துவத்துக்கும் சமுதாய நலத்துக்குமான மையத்தை உருவாக்கியவர் இதே பானர்ஜிதான். எம்.பி.பி.எஸ். இல்லாதவர்களுக்கு இந்தத் துறையில் ஆய்வுக்கு இடம் கொடுத்த முக்கியமான இடங்களில் அதுவும் ஒன்று.

சென்னைக்காரர்கள் பெருமைப்பட்டுக்கொள்ள இன்னொன்று: 1956-ல் சென்னையில் தொடங்கிய காசநோய் வேதிச்சிகிச்சை மையம், சானடோரியத்தில் படுக்க வைத்து மருந்து கொடுப்பதையும் வீட்டில் வைத்தே மருந்து கொடுப்பதையும் ஒப்பிட்டு, 1959-ல் முடிவை வெளியிட்டது. ஏழைகளின் நெரிசலான வீடுகளிலும் சிகிச்சை ஏறக்குறைய அதே அளவு பலித்தது. கூட இருந்தவர்களுக்குத் தொற்று கூடிவிடவும் இல்லை. உலகம் முழுக்கக் காசநோய்ப் படுக்கைகள் காலியானதில் அந்த ஆய்வுக்குப் பெரிய பங்கு உண்டு. இரண்டு ஆய்வுகளிலும் எல்லோரும் உறுதியாக நம்பிய ஒன்றைக் களத்துக்குக் கொண்டுபோய்ச் சோதித்தார்கள்.

இனி உங்கள் வேலைக்கு வருவோம். நீங்கள் இருப்பது தொற்றா நோய்த் திட்டம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் உங்கள் மாவட்டத்திலும் நடக்கிறது. பெண் சுகாதாரத் தன்னார்வலர் வீடு தேடிப் போய் பிரஷர் பார்த்து மாத்திரை கொடுக்கிறார். அதற்கு முன்பு, 2020-ல் தமிழ்நாட்டில் எடுத்த ஸ்டெப்ஸ் என்ற தொற்றா நோய்க் கணக்கெடுப்பில், உயர் ரத்த அழுத்தம் இருந்தவர்களில் அது கட்டுக்குள் இருந்தவர்கள் நூற்றுக்கு ஏழு பேர் அளவில்தான். அதன்பின் நிலைமை முன்னேறியிருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். ஆனாலும் மாத்திரை வீட்டு வாசலுக்கே வந்தும் பலருக்குப் பிரஷர் ஏன் இறங்கவில்லை?

என்னிடம் வருகிறவர்களில் பலர் இந்த இடத்திலேயே “அதுதான் சார் என் தலைப்பு” என்று எழுதிக்கொண்டு போகிறார்கள். இது இன்னும் தலைப்பே ஆகவில்லை. இதற்குள் குறைந்தது ஐந்து தனித்தனிக் கேள்விகள் சுருண்டு கிடக்கின்றன. மாத்திரையை வாங்கி வைத்துவிட்டுத் தலை சுற்றும்போது மட்டும் போடுகிறார்களா? ஒழுங்காகப் போட்டும், ஆரம்பத்தில் எழுதிக் கொடுத்த அளவிலேயே வருஷக்கணக்கில் நிற்கிறதா? தன்னார்வலருக்கு மருந்தின் அளவைக் கூட்ட அதிகாரம் கிடையாது. அளவைக் கூட்ட வேண்டிய மருத்துவரை நோயாளி பார்ப்பதே இல்லை, ஏனென்றால் மாத்திரைதான் வீட்டுக்கே வந்துவிடுகிறதே! இப்படி யோசித்தால், திட்டத்தின் வசதியே சிகிச்சையை ஓரிடத்தில் உறைய வைக்கிறதா என்ற சங்கடமான கேள்வி வரும். அடுத்து, திருப்பூருக்கும் செங்கல் சூளைக்கும் போய்விட்ட ஆண்களின் மாத்திரை யாரிடம் போகிறது? கருவி சரியாக அளக்கிறதா? பதிவேட்டில் இருக்கும் 138/88 உண்மையில் அளந்ததா, இல்லை எழுதியதா?

ஒவ்வொன்றுக்கும் ஆய்வு முறை வேறு. மாத்திரை போடுகிறார்களா என்பதற்கு ஒரே சமயத்தில் எடுக்கும் குறுக்குவெட்டுக் கணக்கெடுப்பும் மாத்திரை எண்ணுவதும் வேண்டும். அளவு உறைந்து நிற்கிறதா என்பதற்குப் பதிவேடுகளை வைத்துப் பழைய காலத்திலிருந்து பின்தொடர வேண்டும். ஆண்கள் விடுபடுவதற்குக் கணக்கோடு கூட நேர்காணலும் வேண்டும். பதிவேட்டின் நம்பகத்துக்கு, கடைசி இலக்கம் எத்தனை முறை பூஜ்யத்திலும் எட்டிலும் முடிகிறது என்று பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். ஒரு பிஎச்.டி.க்கு இவற்றில் இரண்டு போதும். அளவிடுவது ஒன்று, ஏன் என்று கேட்பது ஒன்று. மூன்றாவது நோக்கமாக ஒரு தலையீட்டை, அதாவது நிலைமையை மாற்றும் ஒரு புதிய ஏற்பாட்டை, சோதித்துப் பார்க்கிறேன் என்று எழுதச் சொல்வார்கள். புரோபோசலில் அது அழகாக இருக்கும். நான்காவது வருஷத்தில் பணமும் தெம்பும் தீர்ந்த பிறகு அதுதான் கழுத்தைப் பிடிக்கும். ஏற்கெனவே நிதியோடு ஓடிக்கொண்டிருக்கும் ஒரு பெரிய ஆய்வுக்குள் நீங்கள் சேர்கிறீர்கள் என்றால் தவிர, அதைத் தொடாதீர்கள்.

மாதிரி அளவுக் கணக்கையும் சேர்வதற்கு முன்பே போட்டுப் பாருங்கள். நூற்றுக்கு 20 பேருக்குக் கட்டுக்குள் இருக்கும் என்று எதிர்பார்த்து, கூட்டல் கழித்தல் 3 சதவீதத் துல்லியத்தில் அளக்க நினைத்தால், எளிய சூத்திரப்படி 683 பேர். நீங்கள் கிராமம் கிராமமாகத் தேர்ந்தெடுப்பீர்கள்; ஒரே கிராமத்துக்காரர்கள் ஒருவரை ஒருவர் ஒத்திருப்பார்கள், அதனால் 1.5 மடங்கு: ஏறக்குறைய 1,025. பத்தில் ஒருவர் கிடைக்கமாட்டார் என்று வைத்தால் 1,140 தொடும். ஒரு நாளைக்கு எட்டுப் பேர் என்றால் 140 நாளுக்கு மேல் களம். அதுவும் வீட்டில் ஆள் இருந்தால். நூறு நாள் வேலைக்குப் போன பெண்களை மாலையில்தான் பிடிக்க முடியும், ஐப்பசி கார்த்திகை மழையில் பாதி நாள் போகும், கோயில் கொடை வாரத்தில் கேள்வித்தாளோடு போனால் சாப்பாடு கிடைக்கும், பதில் கிடைக்காது. இதே கணக்கில் துல்லியத்தைக் கூட்டல் கழித்தல் 5 ஆக்கினால் மொத்தம் 410 பேரில் முடிந்துவிடும். எது போதும் என்பதை முடிவு செய்வது உங்கள் கேள்வி. அடுத்தவர் ஆய்வேட்டில் ஆயிரம் பேர் இருந்தார்கள் என்பது ஒரு காரணமே இல்லை.

களத்துக்கே போகாமலும் நல்ல பிஎச்.டி. செய்யலாம் என்பதை இங்கே சேர்க்க வேண்டும். 2019-21-ல் எடுத்த ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின் தரவு விண்ணப்பித்தால் இலவசமாகக் கிடைக்கும். 45 வயதுக்கு மேற்பட்டவர்களைப் பற்றிய லாசி என்ற முதுமை ஆய்வின் தரவும் அப்படித்தான். மும்பையின் சர்வதேச மக்கள்தொகை அறிவியல் நிறுவனம் இரண்டையும் நடத்துகிறது. குழந்தையை வைத்துக்கொண்டு கிராமம் கிராமமாக அலைய முடியாதவர்களுக்கு இது நல்ல வழி. ஆனால் தரவு எல்லோரிடமும் இருப்பதால் உங்கள் கேள்வியை வேறொருவர் முந்திக்கொள்ளவும் கூடும். புள்ளியியலில் உங்கள் கை நன்றாக ஓட வேண்டும். ஆர் மென்பொருள் காசில்லாமல் கிடைக்கிறது. இன்றே தொடங்குங்கள், சேர்ந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள்.

எங்கே சேர்வது என்று எல்லோரும் பல்கலைக்கழகத்தின் பெயரைக் கேட்கிறார்கள். நான் ஆய்வை வழிநடத்தும் நெறியாளரின் பெயரைக் கேட்கச் சொல்வேன். ஒரு நெறியாளரைப் பற்றி அவரிடம் படித்து முடித்த இருவரிடமும் முடிக்காமல் போன ஒருவரிடமும் பேசுங்கள். முடிக்காமல் போனவர்தான் அதிகம் சொல்வார். எத்தனை மாதத்துக்கு ஒரு முறை உட்கார்ந்து பேசினார், திருத்தம் எத்தனை வாரத்தில் திரும்பி வந்தது, கட்டுரையில் முதல் பெயர் யாருடையது என்று கேளுங்கள். 2022 நவம்பரில் வந்த யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) விதிகளின்படி பேராசிரியர் ஒரே சமயத்தில் எட்டுப் பேர் வரை, இணைப் பேராசிரியர் ஆறு, உதவிப் பேராசிரியர் நான்கு பேர் வரை வைத்துக்கொள்ளலாம். ஓய்வுக்கு மூன்று வருஷத்துக்குள் இருப்பவர் புதிதாக மாணவரைச் சேர்க்கக் கூடாது. பெரிய பெயர் உள்ளவரின் பின்னால் போகும்போது அவருடைய பிறந்த வருஷத்தையும் விசாரித்துக்கொள்ளுங்கள்! அவருடைய மாணவர்களின் ஆய்வேடுகள் சோத்கங்கா தளத்தில் கிடைக்கும். மூன்றை இறக்கிப் படித்தால், அங்கே எந்த அளவு வேலையை ஏற்றுக்கொள்கிறார்கள் என்று புரிந்துவிடும். எனக்குத் தெரிந்து விண்ணப்பிக்கிற பத்தில் ஒருவர்கூட இதைச் செய்வதில்லை.

இடங்கள் என்று எடுத்துக்கொண்டால், உங்கள் பின்னணிக்கு முதலில் பார்க்க வேண்டியது திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தின் அச்சுத மேனன் மையம். 1997-லேயே எம்.பி.எச். தொடங்கிய இடம், சமூக அறிவியலும் நோய்ப்பரவலியலும் ஒரே கூரையின் கீழ் இருப்பது அங்கே பெரிய வசதி. சென்னையில் ஐ.சி.எம்.ஆரின் தேசிய நோய்ப்பரவலியல் நிறுவனம் இருக்கிறது. 1999-ல் தொழுநோய்க் கள மையம் ஒன்றையும் மருத்துவப் புள்ளியியல் நிறுவனத்தையும் சேர்த்து உருவாக்கியதால், களமும் கணக்கும் இரண்டும் அங்கே பலம். ஐ.சி.எம்.ஆர். நிறுவனங்களில் இப்போது ஏசிஎஸ்ஐஆர் என்ற அமைப்பின் வழியாகப் பிஎச்.டி.க்குப் பதிவு செய்ய முடிகிறது. திருவாரூரிலுள்ள தமிழ்நாடு மத்தியப் பல்கலைக்கழகத்திலும் காசர்கோட்டிலுள்ள கேரள மத்தியப் பல்கலைக்கழகத்திலும் இதற்கென்றே துறைகள் உள்ளன, கட்டணம் குறைவு. சமூக அறிவியல் பக்கம் சாய்பவர்களுக்கு டெல்லி ஜே.என்.யு.வும் மும்பை டாடா சமூக அறிவியல் நிறுவனமும். மருத்துவக் கல்லூரிச் சூழலும் நீண்ட காலக் கிராமப்புறக் களமும் வேண்டும் என்றால் வேலூர் சி.எம்.சி.; 1977 முதல் கே.வி. குப்பம் பகுதியில் அவர்களின் ரூசா மையம் வேலை செய்கிறது. பல பத்தாண்டாக ஒரே மக்களோடு பழகிய களத்தில் நுழைவதும், யாரையும் தெரியாத ஊரில் இறங்குவதும் ஒன்றல்ல. தனியார் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களிலும் நல்ல ஆசிரியர்கள் இருக்கிறார்கள். ஆனால் கட்டணத்தோடு “இரண்டு வருஷத்தில் முடித்துத் தருகிறோம்” என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். விதிப்படி குறைந்தது மூன்று வருஷம்.

கால அளவை முழுதாகச் சொல்லிவிடுகிறேன். கோர்ஸ் ஒர்க் என்ற ஆரம்ப வகுப்புகளையும் சேர்த்துக் குறைந்தது மூன்று, அதிகபட்சம் ஆறு வருஷம். மறுபதிவின் மூலம் இன்னும் இரண்டு வருஷம் வாங்கலாம். பெண்களுக்கும் 40 சதவீதத்துக்கு மேல் ஊனமுள்ளவர்களுக்கும் அதற்கு மேலும் இரண்டு, ஆக மொத்தம் பத்துக்கு மிகாமல். மகப்பேறு, குழந்தை பராமரிப்புக்காக 240 நாள் வரை விடுப்பு உண்டு. இது காகிதக் கணக்கு. சொந்தமாகத் தரவு திரட்டும் ஒருவர் ஐந்துக்குக் குறைவாக முடிப்பது அபூர்வம் என்றே நான் சொல்வேன்.

நுழைவதற்கு எம்.பி.எச்.சில் 55 சதவீத மதிப்பெண் வேண்டும். இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 5 சதவீதத் தளர்வு உண்டு. பலருக்குத் தெரியாத ஒன்று: யு.ஜி.சி.யின் நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் சமூக மருத்துவமும் சமுதாய நலமும் என்று தனிப் பாடமே இருக்கிறது. 2024 முதல் நெட் மதிப்பெண்ணை வைத்தே பிஎச்.டி. சேர்க்கை நடத்தலாம் என்றாகிவிட்டது. மேல் பிரிவில் தேறி, வயது முப்பதுக்குள் இருந்தால் (பெண்களுக்கும் இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கும் ஐந்து வருஷத் தளர்வு உண்டு, உங்களுக்குப் பொருந்துமா என்று பாருங்கள்) ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை; மற்றவர்களுக்கு நெட் மதிப்பெண்ணுக்கு 70, நேர்காணலுக்கு 30 என்ற எடை, அந்த மதிப்பெண் ஒரு வருஷம் செல்லும். ஜே.ஆர்.எஃப். கிடைத்தால் முதல் இரண்டு வருஷம் மாதம் 37,000 ரூபாயும் பிறகு அடுத்த நிலையான எஸ்.ஆர்.எஃப். ஆனதும் 42,000 ரூபாயும் வரும். 2023 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த தொகை இது. வீட்டு வாடகைப் படி தனி. ஒப்பந்தப் பணியின் சம்பளத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள், பலருக்கு நஷ்டமே இருக்காது. ஜே.ஆர்.எஃப். கையில் இருக்கும் மாணவரை நெறியாளர்களும் வேறு மாதிரி வரவேற்பார்கள். அதனால் இந்த வருஷம் உங்கள் முதல் வேலை நெட்.

வேலையை விடாமல் செய்யலாமா? பகுதி நேரப் பிஎச்.டி. அனுமதிக்கப்பட்டதுதான். வேலை கொடுப்பவரிடமிருந்து, ஆய்வுக்கு நேரம் ஒதுக்கித் தருவோம், தேவைப்பட்டால் கோர்ஸ் ஒர்க்குக்கு விடுவிப்போம் என்று தடையில்லாச் சான்று வேண்டும். தொலைநிலைக் கல்வியில் வாங்கும் பிஎச்.டி. செல்லாது. உங்கள் நிலையில் பகுதி நேரத்துக்கு ஒரு கவர்ச்சி இருக்கிறது: களமும் பதிவேடும் தினமும் கையில். ஆபத்தும் அங்கேதான். நீங்கள் வேலை செய்யும் திட்டத்தையே நீங்கள் ஆராய்ந்து, அது சரியாக வேலை செய்யவில்லை என்று கண்டுபிடித்தால், அடுத்த ஒப்பந்தப் புதுப்பிப்பில் கையெழுத்துப் போட வேண்டியவர் அதை எப்படி எடுத்துக்கொள்வார்? வேலையில் இருப்பதால் கணினியில் பார்க்க முடிகிறது என்பதற்காக அந்தத் தரவு உங்கள் ஆய்வுக்குச் சொந்தமாகிவிடாது. பொதுச் சுகாதார இயக்ககத்தின் எழுத்துபூர்வ அனுமதி தனியாக வாங்க வேண்டும். அது வர மாதக்கணக்கில் ஆகும், அதிகாரி மாறினால் மறுபடியும் முதலிலிருந்து. வாங்கிய அனுமதிக் கடிதத்தைப் பத்து நகல் எடுத்து வையுங்கள், ஒவ்வொரு ஆரம்பச் சுகாதார நிலையத்திலும் கேட்பார்கள். எனக்கு விருப்பமான வழி, பக்கத்து மாவட்டத்தில் களத்தை வைத்துக்கொள்வது. வேலை தெரிந்த கண்ணும் இருக்கும், வேலை கொடுத்தவரின் நிழலும் விழாது.

ஆய்வுக்கு அனுமதி தரும் எத்திக்ஸ் கமிட்டியைப் பலர் ஒரு முத்திரை என்று நினைக்கிறார்கள். ஐ.சி.எம்.ஆரின் 2017 வழிகாட்டு நெறிகளை ஒரு முறை உட்கார்ந்து படியுங்கள். நீங்கள் ஒரு வீட்டில் பிரஷர் பார்க்கிறீர்கள், 190/120 வருகிறது. என்ன செய்வீர்கள்? கேள்வித்தாளை முடித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போக முடியாது. யாரிடம் அனுப்புவது, வண்டிக் காசு யார் கொடுப்பது, போனாரா என்று யார் பார்ப்பது என்பதையெல்லாம் புரோபோசலிலேயே எழுத வேண்டும். நல்ல கமிட்டி முதலில் கேட்பது இதைத்தான். தலையீட்டைச் சோதிக்கும் ஆய்வென்றால், முதல் ஆளைச் சேர்ப்பதற்கு முன்பே இந்தியச் சோதனைப் பதிவேட்டில் பதிய வேண்டும். வெளிநாட்டுப் பணமோ கூட்டாளியோ இருந்தால் மத்தியச் சுகாதார அமைச்சகத்தின் பரிசீலனைக் குழு அனுமதியும் சேரும், நாட்காட்டியில் அதற்கும் இடம் விடுங்கள்.

கட்டுரை வெளியிடுவது பற்றி ஒரு வார்த்தை. 2022 விதிகளுக்குப் பிறகு ஆய்வேடு சமர்ப்பிக்கக் கட்டுரை கட்டாயம் என்று யு.ஜி.சி. சொல்வதில்லை. ஆனால் உங்கள் பல்கலைக்கழகம் கேட்கலாம், வேலைக்கு எடுப்பவர் கட்டாயம் கேட்பார். பணம் கட்டினால் பத்து நாளில் போட்டுவிடும் பத்திரிகைகளிலும், தட்டச்சுக் கடை என்ற பெயரில் ஆய்வேடே எழுதித் தரும் இடங்களிலும் விழுந்துவிடாதீர்கள். பிறர் எழுதியதோடு ஒற்றுமை 10 சதவீதத்தைத் தாண்டினால் 2018 விதிகளின்படி சிக்கல் தொடங்கும். அதைவிட, வைவா என்ற வாய்மொழித் தேர்வில் வெளித் தேர்வாளர் “இந்த 1.5 மடங்கு எங்கிருந்து வந்தது?” என்று கேட்கும்போது கடைக்காரர் பக்கத்தில் இருக்கமாட்டார்.

வெளிநாடு போவதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் யோசித்துப் பாருங்கள். ஸ்வீடன், நார்வே போன்ற நாடுகளில் பிஎச்.டி. என்பது சம்பளமுள்ள வேலை; விளம்பரம் வரும், விண்ணப்பிக்க வேண்டும். பிரிட்டனில் இடம் கிடைப்பதைவிடப் பணம் கிடைப்பதுதான் கடினம். காமன்வெல்த் உதவித்தொகை ஒரு வழி. அமெரிக்காவில் நல்ல துறைகள் கட்டணமும் செலவுத்தொகையும் கொடுத்தே எடுக்கின்றன. அங்கே டி.ஆர்.பி.எச். என்று ஒரு பட்டமும் உண்டு. அது ஆய்வைவிட நிர்வாகத் தலைமைக்குத் தயார் செய்வது, பெரும்பாலும் சொந்தச் செலவு. இந்தியக் களத்தில் வேலை செய்ய நினைப்பவர் வெளிநாட்டில் பதிவு செய்து இங்கே தரவு திரட்டுவதும் சகஜம்தான்.

நெட்டுக்குப் படிக்கும் வருஷத்திலேயே, முடிந்தால், ஐ.சி.எம்.ஆர். நிறுவனம் ஒன்றில் திட்டப் பணியில் ஒரு வருஷம் சேர்ந்து பாருங்கள். கேள்வித்தாள் தயாரிப்பது, களப் பணியாளர்களை மேய்ப்பது, அழுக்குத் தரவைச் சுத்தம் செய்வது மூன்றும் அங்கே சம்பளத்தோடு கற்றுக்கொள்ளலாம். இந்த வாழ்க்கை உங்களுக்குப் பிடிக்குமா என்பதும் அந்த ஒரு வருஷத்தில் தெரிந்துவிடும். பிடிக்கவில்லை என்றால் பிஎச்.டி.யில் சேராமலே தெரிந்துகொண்ட லாபம்.

பிடித்திருந்தால், நெறியாளர்களுக்கு எழுதத் தொடங்குங்கள். மதிப்பிற்குரிய ஐயா அம்மா என்று எல்லோருக்கும் ஒரே மின்னஞ்சலை அனுப்பினால் யாரும் பதில் போடமாட்டார்கள். அவருடைய ஒரு கட்டுரையைப் படித்து, அதில் உங்களுக்கு எழுந்த சந்தேகத்தை ஒரு பத்தியில் எழுதுங்கள். உங்கள் கேள்வியை ஒரு பக்கத்தில்: என்ன தெரியும், என்ன தெரியாது, எந்த மக்கள், எப்படி அளப்பீர்கள், எத்தனை பேர். நெட் மதிப்பெண், எம்.பி.எச். ஆய்வேட்டின் இணைப்பு, எப்போது சேரத் தயார் என்பது. அதற்கு மேல் வேண்டாம். மூன்று பேருக்குத் தனித்தனியாக எழுதுங்கள். இரண்டு வாரத்தில் பதில் வராவிட்டால் ஒரு முறை நினைவூட்டுங்கள், அதற்கும் வராவிட்டால் அடுத்த பெயருக்குப் போய்விடுங்கள்.